பூட்டிக் கிடந்த சிவப்புப் பொத்தான்

இதை நான் என் இரண்டு கைகளாலும்தான் டைப் அடிக்கிறேன். சின்ன விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் சோம்பேறி, அதை விட்டுத் தள்ளுங்கள். இந்த வருத்தம், அதாவது எனக்கு வந்த நோய், யாருக்காவது வந்து, அவர் வீட்டு ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்று தங்களுக்குள்ளேயே முடிவெடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் கண்ணில் இது படட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. மாத்தளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறேன். பலசரக்குக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பில் மெஷின் பூட்டிக் கொடுப்பது, அதாவது பொருத்திக் கொடுப்பது, எங்கள் கடை. அந்த மெஷினோடு வரும் கீபோர்டில் எழுத்துக்கள் இருக்காது. வெறும் பொத்தான்கள். எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பொத்தானின் படத்தைத் தொட்டு, அது அடிக்க வேண்டியதை எழுதி, சேமித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் கடைக்காரர் ஒரு தட்டுத் தட்டினால் ‘சீனி ஒரு கிலோ’ என்று முழுசாக வந்து பில்லில் விழும். பொத்தானின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும், அதற்கடியில் பெயர் எழுதிய கடதாசித் துண்டைச் செருகிவிடுவோம்.

இந்தக் கீபோர்டுகளின் ஓரத்தில் ஒரு பூட்டும் உண்டு. சாவியை முதல் நிலையில் வைத்தால் கல்லாவில் நிற்கிறவர் சாமான் மட்டும் அடிக்கலாம். இரண்டாம் நிலைக்குத் திருப்பினால்தான் மூலையில் இருக்கும் சிவப்புப் பொத்தான், அதாவது அடித்ததை ரத்துச் செய்யும் பொத்தான், வேலை செய்யும். முதலாளிமாருக்கு அந்தச் சிவப்பின் மேல் அப்படி ஒரு பயம். அதனால் வேலை முடிந்ததும் முதல் நிலையில் பூட்டிச் சாவியை உருவிக்கொள்வது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஃபர்ஸானுக்கு அதைப் பழக்கியதே நான்தான். ஃபர்ஸான் என்னைவிட இளையவன், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா.

இனி வருத்தத்துக்கு வருகிறேன். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது. நாவுலயில் ஒரு கடைக்கு மெஷின் பூட்டப் போன இடத்தில் எதையோ தின்று வயிற்றால் போனது. அது நின்ற பிறகு கால் விரல்கள் மரத்துப்போயின. நாள் முழுக்க நின்ற களைப்பு என்று நினைத்துச் சித்தாலேப எண்ணெயைப் பூசிக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் கட்டிலை விட்டு இறங்கினால் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை, தொப்பென்று விழுந்தேன்.

“என்னா சாந்தி, காலையிலேயே கூத்து காட்டுற?” என்று சிரித்துக்கொண்டே தூக்க வந்தார் என் வீட்டுக்காரர் ரவி. மரக்கறி லொறி ஓட்டுகிறவர். தூக்கியவர் கையில் நான் துணி மூட்டை மாதிரித் தொங்கினேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றதை இன்னும் மறக்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. முதுகுத்தண்டில் ஊசி ஏற்றிக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். பிறகு ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியும் என்று கேட்டார். நான் வாயாடி. எங்கள் வீட்டில் வானொலியே தேவையில்லை என்பார்கள். பெருமையாக எண்ண ஆரம்பித்தேன். காலையில் எண்ணியதில் பாதியைக்கூட பின்னேரம் எண்ண முடியவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

இந்த வருத்தத்துக்குப் பெயர் கியான் பாரே. டொக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நரம்பு என்பது மேலே உறை போட்ட வயர். கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவல், ஆள் மாறிப்போய் அந்த உறையைக் கடித்துவிடுகிறது. பலசரக்குக் கடைகளில் எலி கடித்த வயரை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! மெஷினும் நல்லா இருக்கும், கரண்டும் இருக்கும், ஆனால் எதுவும் ஓடாது. காலில் தொடங்கிய பலவீனம் மேலே ஏறும், நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்கும். ஆனால் உறை திரும்ப வளரும் என்றும் டொக்டர் சொன்னார். மெதுவாக வளரும், ஆனால் வளரும். அந்த ஒரு சொல்லை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்பியூலன்ஸில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு விடும் மெஷினில் போட்டார்கள். பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தை இரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வெளியே வாங்குவதென்றால் எங்கள் வீட்டையே விற்றிருக்க வேண்டும், ஆஸ்பத்திரியே கொடுத்தது. பிறகு தொண்டையில் துளை போட்டு, மெஷினின் குழாயை அங்கே மாற்றினார்கள். காற்று அந்த வழியே போய்விடுவதால் குரல் வராது. கையும் காலும் இல்லை. முகமும் செத்துப்போனதால் இமையை மூட முடியாது, கண்ணில் களிம்பு பூசிவிடுவார்கள். மீந்தது கண்முழியும், வலது கையில் ஒரு விரலின் துடிப்பும்தான். ஆனால் புத்தி மட்டும் பட்டப்பகல் மாதிரித் தெளிவு. நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், பேசியதெல்லாம் கேட்டது.

கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், கீழே இறக்கினால் இல்லை. ரவி ஒவ்வொரு நாளும் வந்து கேட்பார்: “பசிக்குதா? குளுருதா? வலிக்குதா?” வலிக்குது என்று மேலே பார்ப்பேன். “காலா? கையா? முதுகா?” இல்லை, இல்லை, இல்லை. ஒரு நாள் முழுக்க என் இடது காது தலையணைக்கடியில் மடங்கிக் கிடந்து நெருப்பாக எரிந்தது. யாருக்கும் காதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. “பாவம், அழுவுறா” என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்கள். அட, காதை எடுத்து விடுங்கய்யா!

நான் எதற்கு அழுகிறேன் என்றே விளங்கவில்லை என்று ரவி கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். ஃபர்ஸான் யோசித்துவிட்டு, “அக்காட விரல் ஒன்னு அசையுதில்ல? அப்ப போதும்” என்றானாம். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு சின்னப் பில் கீபோர்டை எடுத்து, சாமான் பெயரையெல்லாம் அழித்துவிட்டு, எனக்காகப் பொத்தான் பொத்தானாக எழுதினார்கள். மேல் வரிசை நர்ஸ் மிஸ்மாருக்காகச் சிங்களத்தில்: வத்துர என்றால் தண்ணீர், ரிதெனவா என்றால் வலிக்கிறது, ஹரவன்ன என்றால் திருப்பிப் போடுங்கள். கீழ் வரிசை வீட்டாருக்காகத் தமிழில். கடைசியில் மூன்று பேர்: ரவி, அண்ணா, ஃபர்ஸான். ‘வேற ஒன்னு’ என்றும் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ரவி தலை உச்சியிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். மூலையில் இருந்த சிவப்புப் பொத்தானில் ‘வேணாம்’ என்று எழுதினார்கள்.

எங்கள் முதலாளி பழைய லாப்டொப் ஒன்றைத் தந்தார். பெரிய டொக்டர் சரி என்று சொல்லிவிட்டார். ரவி கீபோர்டைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று மனிதர் யோசிக்கவே இல்லை. கறுப்புப் பெட்டி, தொங்குகிற வயர், கையில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. இராணுவச் செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கிப் பையைப் பார்த்த ஆமிக்காரர் இரண்டடி பின்னுக்குப் போனாராம்.

“மேக்க மொக்கத்த?” இது என்ன என்று கேட்டிருக்கிறார். ரவிக்கு நல்ல சிங்களம் வரும், ஆனால் அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பஸ் போய்விட்டது. இவரை ரோட்டோரம் உட்கார வைத்து, மேலே உள்ளவர் வரும்வரை துப்பாக்கியோடு ஒருவர் பக்கத்தில் நின்றார். கடைசியில் அந்தச் சின்ன வயது ஆமிக்காரரே குனிந்து, பொத்தான்களில் இருந்த சிங்களக் கடதாசித் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாராம். வத்துர. ரிதெனவா. ஹரவன்ன. வாசித்துவிட்டு, “நோனாட்டத?” என்று கேட்டார். மனைவிக்கா என்று அர்த்தம். ரவி தலையை ஆட்டினார். அவரே துவாயில் திரும்பச் சுற்றிப் பையில் வைத்து, அடுத்த பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார்.

கீபோர்டை என் கைக்கடியில் வைத்த அந்த முதல் நாள் பெரிய கூத்து. விரலை ஊன்றி ‘வத்துர’வை அழுத்தினேன். அழுத்த முடிந்தது, எடுக்க முடியவில்லை. திரையில் வத்துர வத்துர வத்துர என்று வரிவரியாக ஓடுகிறது! மிஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தார். கொஞ்சம் தொண்டை நனையட்டும் என்றுதான் கேட்டேன், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தால் நான் பாலைவனத்தில் கிடக்கிற மாதிரி.

காரணம் எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தியபடி வைத்திருந்தால் திரும்பத் திரும்ப அடிக்கும் வசதி அதில் திறந்து கிடந்தது. அதை மூட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு ஃபர்ஸான் வந்தான். திரையைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். “என்னக்கா, நாவுல முதலாளி மாதிரியா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, முகம்தான் சிரிக்கவில்லை. நாவுலயில் ஒரு முதலாளி, பொத்தானில் விரலை வைத்தபடி ஊர்க்கதை பேசுவார், ஒரு கிலோ சீனி வாங்க வந்தவருக்கு ஒரு மூட்டைக்குப் பில் வரும். கண்ணை மேலே உயர்த்தினேன். ஃபர்ஸான் ரிப்பீட்டை மூடினான். ‘வேற ஒன்னு’ பொத்தானால் ரவி கேட்டுக் கேட்டு என் காதைக் கண்டுபிடித்திருந்தார், அதனால் ‘காது’ என்று ஒரு பொத்தானையும் சேர்த்தான். அப்புறம் பழக்க தோஷத்தில் பூட்டைத் திருப்பி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு விரலைப் பொத்தானுக்குப் பொத்தான் இழுத்துப் போகப் பழகினேன், என் உலகம் கொஞ்சம் விரிந்தது. ‘காது’ பொத்தான்தான் அதிகம் தேய்ந்தது. மிஸ்மார் அதைத் தமிழிலேயே வாசிக்கப் பழகி, “காது, காது” என்று சொல்லிக்கொண்டே தலையணையைச் சரி செய்வார்கள். மூச்சு மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், பிறகு கழற்றினார்கள். தொண்டைக் குழாயோடு மாத்தளை ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினார்கள். ஜன்னலால் நம்ம ஊர் மலையைப் பார்த்ததும் பாதி சுகம் வந்த மாதிரி இருந்தது.

அங்கேதான் என் அண்ணன் முருகேசு வந்தார். யட்டவத்தப் பக்கம் ஒரு கொக்கோ தோட்டத்தில் வேலை. அப்பா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அண்ணன் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

“மச்சான், இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடியே போட்டு வைக்கப் போறீங்க?” என்று ரவியைக் கேட்டார். “நாவுலக்கி அங்குட்டு நாட்டு வைத்தியம் பாக்குற ஒரு வெதமாத்தியா இருக்காரு. எங்க தோட்டத்து லயத்துல ஒருத்தன் மரத்துலருந்து விழுந்து கெடந்தான், எண்ண போட்டே நடக்க வச்சுட்டாரு. கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

“டொக்டர் இன்னும் குழாய எடுக்கலியே மச்சான்.”

“எடுக்கச் சொல்லுங்க. இங்க என்னா செய்றாங்க? தூக்குறாங்க, படுக்க வைக்கிறாங்க. அதுக்கு நம்ம வீடு இல்லியா? நீங்களும் லொறிய நிப்பாட்டிட்டு நாயா அலையிறீங்க. அன்னைக்கி ரோட்டுல உங்களப் புடிச்சு வச்சப்ப என் உசுரு என்கிட்ட இல்ல.”

அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உடற்பயிற்சி கொடுக்கிற மிஸ், அன்று காலையில்தான் என் கால் கட்டைவிரல் தானாக அசைந்ததைக் கண்டுபிடித்துக் கையைத் தட்டியிருந்தார். உறை வளர ஆரம்பித்துவிட்டது. குழாயை எடுப்பதற்கு முன் விழுங்கவும் இருமவும் பழக வேண்டும். இந்த நேரத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு போய் எண்ணெய்த் தொட்டியில் போட்டால் சளி அடைத்தே செத்துப்போவேன். எனக்கு நடக்க வேண்டும். இங்கேயே இருந்து, இவர்கள் கையாலேயே நடக்க வேண்டும்.

கண்ணைக் கீழே இறக்கினேன். திரும்பத் திரும்ப இறக்கினேன். ரவி அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க, எவ்வளவு களைப்பு, கண்ணு சொக்குது புள்ளைக்கி” என்றார் அண்ணன்.

ரவி என் பக்கம் குனிந்தார். “சாந்தி, அண்ணா சொல்றது... ஒனக்கு என்னா தோணுது?” ஆமாம், இல்லை என்று கண்ணால் பதில் சொல்லும் கேள்வியா அது? அந்த மனுசனும் உடைந்துபோயிருந்தார். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். அண்ணன் இன்னும் ஒரு சொல் சொன்னால் தலையாட்டிவிடுவார் என்று தெரிந்தது. பின்னேரம் டொக்டர் சுற்றி வரும்போது கேட்பதாகத் திட்டம்.

நான் விரலை இழுத்தேன். மூலைக்கு. அதுவரை அந்தப் பொத்தானுக்கு வேலை வரவில்லை. நோயாளி என்றால் கேட்கத்தானே செய்வாள், மறுக்க அவளுக்கு என்ன இருக்கிறது? சிவப்பின் மேல் விரலை ஊன்றினேன். திரையில் ஒன்றும் இல்லை. இன்னும் ஊன்றினேன். ஒன்றும் இல்லை.

“என்னமோ அமுத்துறா, ஒன்னும் வரலியே” என்றார் ரவி.

“வராதுதான். அவளுக்குச் சொல்ல ஒன்னும் இல்ல. நாம சொல்றது சரின்னு அவளுக்கே தெரியும்” என்றார் அண்ணன்.

பூட்டு! எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. எத்தனை கடையில், எத்தனை கல்லாவில் நானே பூட்டிவிட்டு வந்த அதே பூட்டு. ஆத்திரத்தில் கண்ணீர் வழிந்தது. அதையும் அண்ணன் பாசத்தோடு துடைத்துவிட்டார்.

விரலைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய் ‘ஃபர்ஸான்’ என்ற பொத்தானில் வைத்தேன். பெயர் வந்தது. விரலைக் கொஞ்சம் சரித்து எடுத்துத் திரும்ப அழுத்தினேன். திரும்பவும் வந்தது.

“அந்தத் தம்பி எதுக்கு இப்ப?” என்றார் அண்ணன்.

ரவி ஒரு கணம் என்னைப் பார்த்தார். “கூப்புடுறான்னா ஏதோ இருக்கு மச்சான். மெசின்ல கோளாறோ என்னமோ” என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அந்த நிமிடத்தில் அவரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன், கை இருந்திருந்தால்.

கடையிலிருந்து ஆஸ்பத்திரி கிட்டத்தான். ஃபர்ஸான் மூச்சிரைக்க வந்தான். “என்னக்கா, ரிப்பீட்டா?” கீழே. “வயரா?” கீழே. நான் சிவப்பை அழுத்திக் காட்டினேன். திரையைப் பார்த்தான். ஓரத்தில் இருந்த பூட்டைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். “யா அல்லாஹ்! சாவி என்ட கிட்டயே ஈக்கி. ஒரு மாசமா அக்காட வாயப் பூட்டி பொக்கட்டுல போட்டுட்டு திரிஞ்சிருக்கேன்!”

சாவியைப் போட்டுத் திருப்பினான். அழுத்தினேன். திரையில் ஒரே ஒரு தடவை: வேணாம்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “தெரியாம பட்டிருக்கும்” என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

ஃபர்ஸான் என் காதுக்கருகே குனிந்தான். “அக்கா, இதுக்கு மட்டும் ரிப்பீட்டத் தொறந்து விடட்டா?”

கண்ணை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினேன்.

அவன் லாப்டொப்பில் தட்டிச் சேமித்தான். நான் விரலை வைத்தேன். வைத்தது வைத்ததுதான், இத்தனை இழுத்த பிறகு எடுக்கும் சக்தி மிச்சமில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை. வேணாம் வேணாம் வேணாம் என்று வரி நிறைந்தது, திரை நிறைந்தது, மேலே உருண்டு மறுபடி நிறைந்தது. அடுத்த கட்டில்காரரின் மகள்கூட எழுந்து வந்து பார்த்தாள். ரவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை, தோள் குலுங்கியது.

“சரிடா தங்கச்சி. வெளங்கிருச்சு. போதும், வெரல எடு” என்றார் அண்ணன்.

எடுக்க முடியாதுண்ணா என்று சொல்ல அதில் பொத்தான் இல்லை. வேணாம் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கு மெல்லப் புரிந்தது. கொக்கோக் காய் வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையால் என் விரலைப் பிடித்து, முட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். ஓட்டம் நின்றது. விரலை மட்டும் அவர் விடவில்லை. வெதமாத்தியா பேச்சை அன்றைக்கும் எடுக்கவில்லை, அப்புறமும் எடுக்கவில்லை. பின்னேரம் டொக்டர் வந்தபோது, என் காலை எப்படிப் பிடித்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் பழகிக்கொண்டார்.

கட்டைவிரலுக்குப் பிறகு பாதம், பாதத்துக்குப் பிறகு முழங்கால். கையும் மெல்லத் திரும்பி வந்தது. உட்கார்ந்தேன், நின்றேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி நடந்தேன். விழுந்த நாட்களும் உண்டு, வலியில் எல்லோரையும் மனதுக்குள் திட்டிய நாட்களும் உண்டு. இந்த வருத்தம் வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வந்த வேகத்தில் போகாது, ஆனால் போகும். வீட்டாருக்கும் ஒன்று: தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மறுக்க ஒரு வழி கொடுங்கள், அது பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாத்தளையில் நான் இப்போது பூட்டிக் கொடுக்கும் மெஷின்களில் அந்தச் சாவியைக் கல்லாக்காரரிடமே கொடுத்துவிட்டு வருகிறேன். முதலாளிமார் முகத்தைச் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

தொண்டைக் குழாயை எடுத்த அன்று துளைக்கு மேல் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். பேசும்போது விரலால் அழுத்திக்கொள்ளுங்கள், குரல் வரும் என்றார் மிஸ். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என்ன சொல்லப் போகிறேன் என்று ரவி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வழக்கம்போல யட்டவத்தயிலிருந்து ஃப்ளாஸ்க்கில் கூவைக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காத சாமான் அது. ஊற்றி, ஆற்றி, கரண்டியை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, “கொஞ்சம் குடிக்கிறியா தங்கச்சி?” என்று கேட்டார்.

நான் விரலால் தொண்டையை அழுத்திக்கொண்டேன். கரகரவென்று யாருடையதோ போல ஒரு குரல் வந்தது.

“வேணாம்ணா.”

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொருக்கா சொல்லு” என்றார்.